கடலாறும் அதன் கரைகளும்

சென்னையில் பிறந்து வளர்ந்து, உத்தியோகத்தின் பொருட்டு மேற்குக் கரைக்குக் குடிபெயரும் தமிழர் அங்கே கண்டு வியக்கும் பொருள்களுள் கடலும் ஒன்று. மெரினாவில் கடல் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களிலுங்கூட அங்கே ஓதம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டரே. அதே நாள்களில் மும்பையில் அது நான்கு மீட்டரைக் கடக்கிறது. காலையில் அலை மோதிய பாறைகள் பிற்பகலில் சேறு பூசிக் கிடக்கின்றன. இன்னும் வடக்கே, காம்பே வளைகுடாவின் உட்புறத்தில் உள்ள பாவ்நகரிலோ அந்த அளவு பத்து மீட்டருக்கும் மேல். வானத்தில் சந்திரன் ஒன்றுதான். கீழே இருப்பதும் ஒரே இந்து மகாசமுத்திரம்தான். வேறுபடுவது கரையின் வடிவமும் கரையோரக் கடலின் ஆழமுமே. வாயகன்று, உள்ளே செல்லச் செல்லக் குறுகி, ஆழமும் குறையும் அந்த வளைகுடாவுக்குள் நுழையும் நீருக்குப் பக்கவாட்டில் பரவ இடமில்லை. ஆகவே அது மேலே எழுகிறது.

ஓதம் வந்து போகும் விருந்தாளி. கடலுக்குள் குடியிருக்கும் ஆறுகள் வேறு. அவற்றை நீரோட்டங்கள் என்கிறோம். சிலவற்றின் அகலம் நூறு கிலோமீட்டர்; சிலவற்றின் நீர்ப்பெருக்கு உலகத்து ஆறுகள் அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் எட்டாதது. இவ்வாறுகளைக் காற்று கிளப்பிவிடுகிறது. கரை வழிமறித்துத் திருப்புகிறது. இவ்வுண்மையைத் தெளிவுபட வகுத்துரைத்தவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் ரெனல். கல்கத்தாவில் வாழும் நம் நேயர்கள் இப்பெயரை அறிந்திருக்கலாம். வங்காளத்தின் முதல் சர்வேயர் ஜெனரல் அவர். அவரை நில அளவையாளராக மட்டுமே அறிந்தவர்களுக்கு அவருடைய வாழ்வின் பிற்பாதி முழுதும் கடலுக்கே உரியதாயிற்று என்பது புதுச் செய்தியாக இருக்கும்.

ரெனல் 1742-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். தந்தை பீரங்கிப் படைத் தலைவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே போர்முனையில் இறந்துபோனார். பதினான்காம் வயதில் கடற்படையில் சேர்ந்த பையன், 1760-இல் நம் கடலுக்கு வந்து சேர்ந்தான். அப்பொழுது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். அம்முற்றுகையில் கடற்படையின் பக்கம் ரெனலும் பணிபுரிந்தார். போர் ஓய்ந்ததும் கம்பெனியின் வேலைக்கு மாறினார். சென்னை அரசாங்கத்துக்காக அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று பாக் நீரிணையையும் பாம்பன் கால்வாயையும் ஒரு சிறு மரக்கலத்தில் சென்று அளந்தது. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவதும், அடிமணலைத் தூக்கிப் பார்ப்பதும், ஓட்டம் கலத்தை எங்கே இழுக்கிறது எனக் கவனிப்பதும் அப்பணியின் பகுதிகள். இருபது வயதை அப்பொழுதுதான் கடந்திருந்த இளைஞர், நிலமும் நீரும் வழக்காடும் இடத்திலேயே தம் தொழிலைக் கற்றார் எனலாம்.

1764-இல் கல்கத்தா சென்றார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் கங்கை, பிரம்மபுத்திரை, மேகனா ஆகிய ஆறுகளின் கரைகளில் கழிந்தன. படகிலும் கால்நடையிலுமாகச் சங்கிலி பிடித்து அளந்தார். 1766-இல் பூட்டான் எல்லைப்புறத்தில் சந்நியாசிகள் கூட்டத்தோடு நேர்ந்த மோதலில் படுகாயமுற்றார்; அக்காயத்தின் விளைவு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அடுத்த ஆண்டு சர்வேயர் ஜெனரல் பதவி கிடைத்தது. அவருடைய வங்காள நிலப்படத் தொகுதி 1779 முதல் வெளிவந்தது. அது யாருடைய ஆட்சியை நிலைநிறுத்துவதற்கு வரையப்பட்டது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. வரி வாங்குவதற்கும் படை நடத்துவதற்கும் வேண்டியே கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆயினும் அந்த வேலையில் அவர் கற்ற பாடம் வரிக்கணக்கில் அடங்காதது. 1781-இல் அவர் ராயல் சொசைட்டிக்கு எழுதியளித்த கங்கை, பிரம்மபுத்திரைக் கட்டுரை, வங்காளத்து ஆறுகள் எவ்வாறு வளைந்து, கரையை அரித்து, அரித்த மண்ணை வேறிடத்தில் திட்டாகப் போட்டு, தம் வழியை மாற்றிக்கொள்கின்றன என்பதை விரித்துரைக்கிறது. ஆற்றைக் கரை திருப்புவதையும் கரையை ஆறு திருத்துவதையும் பதின்மூன்று ஆண்டுகள் கண்ணாரக் கண்ட ஒருவர், பின்னர் கடலை நோக்கியபோது அங்கும் கரையைத் தேடியதில் வியப்பில்லை என்பது நம் கருத்து.

1777-இல் அவர் தாயகம் புறப்பட்டார். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றது. அங்குதான் அவருக்குப் பெருவியப்புக் காத்திருந்தது.

இந்து மகாசமுத்திரத்தின் வெந்நீர், ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையை அணைந்தவாறு தென்மேற்காக விரைந்தோடுகிறது. அகுல்காஸ் நீரோட்டம் என்பது அதன் பெயர். நொடிக்கு ஏறத்தாழ ஏழு கோடி கனமீட்டர் நீர் அதில் செல்வதாக இன்றைய அளவீடுகள் கூறுகின்றன. விரைவு சில இடங்களில் நொடிக்கு இரண்டு மீட்டரை எட்டுகிறது. அவ்வளவு நீரும் கண்டத்தின் மதிலைப் பற்றிக்கொண்டே ஓடிவந்து, தெற்கே 35-ஆம் அட்சரேகையை ஒட்டித் திடீரென்று மதில் முடிந்துவிடக் காண்கிறது. அங்கே நிலம் ஒரேயடியாக ஆழத்தில் இறங்கிவிடுவதில்லை; அகுல்காஸ் திட்டு என்னும் நீருள் மூழ்கிய மேடாகத் தெற்கே வெகுதூரம் நீண்டு கிடக்கிறது. ஓட்டம் மேட்டின் மேல் ஏறாமல் அதன் விளிம்பைச் சுற்றுகிறது. மேடும் முடிந்தபின், அதன் பெரும்பகுதி அட்லாண்டிக்குக்குள் போகாமல் வந்த திசைக்கே திரும்பிக் கிழக்கே ஓடிவிடுகிறது. மேற்கே செல்லும் கப்பல் திட்டின் விளிம்பருகே இருந்தால் ஓட்டமே அதைச் சுமந்து செல்லும். சற்றுத் தெற்கே விலகினாலோ அதே நீர் பின்னுக்கு இழுக்கும். ரெனல் 1778-இல் இத்திட்டின் வரைபடத்தை வெளியிட்டு, ஓட்டத்தின் போக்குக்கும் நீருள் மறைந்த நிலத்துக்கும் உள்ள தொடர்பை மாலுமிகளுக்கு எடுத்துக்காட்டினார். கண்ணுக்குத் தெரியும் கரை மட்டுமன்று, தெரியாத கரையும் கடலைத் திருப்பும் என்பது அதன் சாரம்.

இங்கே நேயர்கள் ஒன்று கேட்கலாம். நடுக்கடலில் நீர் ஓடுகிறது என்பதை எவ்வாறு அறிவது? கப்பலும் அதனோடேயே ஓடுமே? நியாயமான கேள்விதான். பாய்க்கப்பல் மாலுமி, முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு விரைவை அறிவார். திசைகாட்டியைக் கொண்டு திசையை அறிவார். இரண்டையும் வைத்து, நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல்வரை கப்பல் சென்ற தூரத்தைக் கணக்கிடுவார். ஆனால் அது நீரின்மேல் கப்பல் சென்ற தூரமே அன்றி, பூமியின்மேல் சென்ற தூரமன்று. டில்லி செல்லும் ரயிலின் தாழ்வாரத்தில் நடப்பவர் தம் காலடிகளை எண்ணி ரயில் எவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்ல முடியாததைப் போன்றது இது. ஆகவே சூரியனையும் நட்சத்திரங்களையும் நோக்கி உண்மையான இடத்தைத் தனியே கண்டு, கணக்கிட்ட இடத்தோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நீரோட்டத்தின் கைவேலை.

வடக்குத் தெற்கான அட்சரேகையைச் சூரியனைக் கொண்டு காண்பது பழங்கலை. கிழக்கு மேற்கான தீர்க்கரேகையைக் காண்பதற்கோ, புறப்பட்ட துறைமுகத்து நேரத்தைப் பிசகாமல் சுமந்து செல்லும் கடிகாரம் வேண்டும். ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன் செய்த நான்காவது கடிகாரம் 1761-இல் தொடங்கிய கடற்பயணத்தில் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. அதன் வழிவந்த காலமானிகள் கம்பெனிக் கப்பல்களில் பரவத் தொடங்கிய பிறகே கிழக்கு மேற்கான ஓட்டங்களின் அளவை நம்பத்தக்க வகையில் குறிக்க முடிந்தது. ரெனல் லண்டனில் தம் வீட்டில் அமர்ந்து, திரும்பிவரும் கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி, நாள்தோறும் நேர்ந்த அந்த வேறுபாட்டைப் படத்தில் அம்புக்குறிகளாக இட்டார். இவ்வாறு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். அரசாங்கம் சம்பளம் தரவில்லை. யாரும் ஏவவும் இல்லை. நாட்குறிப்புகளை எழுதிய கப்பல் அதிகாரிகளின் பெயர்கள் பலவும், அக்கப்பல்களில் பாய் இழுத்த நம் நாட்டு லஸ்கர்களின் பெயர்கள் அனைத்தும் மறைந்துபோயின. அவர்கள் கடந்த நாள்கள் மட்டும் அம்புகளாக எஞ்சின.

இவ்வம்புகளைப் பார்த்து அவர் வகுத்த பாகுபாடு எளியது. ஓட்டங்கள் இரண்டு வகை என்றார். ஒரே திசையில் நீண்டகாலம் வீசும் காற்று, மேல்நீரைத் தன்முன்னே மெல்லத் தள்ளிச் செல்வது ஒன்று. இப்படித் தள்ளப்பட்ட நீர் கரையையோ மணல்திட்டையோ வேறோர் ஓட்டத்தையோ முட்டி, அங்கே திரண்டு, திரண்டதால் புதுவேகம் பெற்று, தடையின் ஓரமாக ஓடுவது மற்றொன்று. முன்னதை ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்றும் பின்னதை ஸ்ட்ரீம் என்றும் பெயரிட்டார். மொழிபெயர்ப்பையே அன்றாட அலுவலாகக் கொண்ட நமக்கு இவ்விரு சொற்களும் சிறிது தொல்லை கொடுத்தன. முதலாவதை ‘உந்தோட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். காற்று உந்துவதால் அது நகர்கிறது. இரண்டாவதற்கு நாம் முதலில் ‘தாரை’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு ‘ஆற்றோட்டம்’ என்று எழுதினோம். ஆறு என்றால் கரை வேண்டும். ரெனல் சொன்னதும் அதுதான். காற்று மட்டும் இருந்து கரை இல்லாதிருந்தால், கடல் முழுதும் உந்தோட்டமாகவே இருந்திருக்கும், ஆறுகள் பிறந்திரா.

பிரேசிலின் கிழக்கு முனை இதற்குத் தக்க சான்று. பூமத்தியரேகையை ஒட்டி மேற்கே தள்ளப்படும் அட்லாண்டிக் நீர், தென்னமெரிக்கா கடலுக்குள் முழங்கைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மோதி இரண்டாகப் பிளவுபடுகிறது. ஒரு பகுதி கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. மற்றொரு பகுதி வடமேற்கே திரும்பிக் கரிபியன் கடலுக்குச் செல்கிறது. இந்தியாவுக்குப் புறப்பட்ட பாய்க்கப்பல்கள் தென்னட்லாண்டிக்கை அடைவதற்கு இம்முழங்கைக்குக் கிழக்கே விலகிச் செல்ல வேண்டும். பூமத்தியரேகையைச் சற்று மேற்கே தள்ளிக் கடந்த கப்பல், பிளவின் வடபுறத்தில் அகப்பட்டு, சான் ரோக்கே முனையைத் தாண்ட முடியாமல் வடக்கே இழுத்துச் செல்லப்படும். பிறகு வடக்கே வெகுதூரம் சென்று, மேல்காற்றைப் பிடித்து, சுற்றி வந்து மறுபடியும் முயல வேண்டும். வாரக்கணக்கில் நாள் வீணாகும், குடிநீரும் வற்றும். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வரவேண்டிய கப்பல் காலம் தாழ்த்தியதற்கு, ஒரு கண்டத்தின் முழங்கை இவ்வாறு காரணமாயிருந்தது.

ரெனல் அளவுக்கு மிஞ்சிப் போன இடமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 1707-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஷவலின் கப்பல்கள் நான்கு, ஆங்கிலக் கால்வாயின் வாயிலிலுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் மாண்டனர். தாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பின்னும் கப்பல்கள் அதே பாறைகளை நோக்கி வடக்கே விலகுவது நின்றபாடில்லை. ரெனல் 1793-இல் ராயல் சொசைட்டியில் ஒரு விளக்கம் படித்தார். மேல்காற்று நீரைப் பிஸ்கே வளைகுடாவுக்குள் தள்ளுகிறது. வளைகுடா அரிவாள்போல் வளைந்திருப்பதால் நீர் அதன் கரையைச் சுற்றி ஓடி, வடமேற்கு மூலையில் வெளிப்பட்டு, கால்வாயின் வாயிலைக் குறுக்காகக் கடந்து வடக்கே செல்கிறது. கப்பலையும் இழுத்துச் செல்கிறது. ஆகவே கால்வாய்க்குள் நுழைவோர் சற்றுத் தெற்கே தள்ளியே வருக என்றார். மாலுமிகள் அதை ‘ரெனல் நீரோட்டம்’ என்றே நூற்றாண்டுக்கு மேல் அழைத்தனர். பிற்காலத்து அளவீடுகளோ அங்கே அவர் எண்ணியதுபோல் நிலையான ஓர் ஆறு இருப்பதாகக் காட்டவில்லை. காற்றுக்கேற்ப எழுந்து மறைவதையே காட்டின. விளக்கம் பாதி பிழை. தெற்கே தள்ளி வருக என்ற அறிவுரையைப் பின்பற்றியவர்கள் அதனால் கெட்டுப்போகவில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. மெக்சிகோ வளைகுடாவில் நீர் குவிந்து, ஃபுளோரிடா நீரிணை வழியாகப் பீறிட்டு வெளிவருவதே வளைகுடா நீரோட்டம் என்று அவரும் அவருக்கு முந்திய பெஞ்சமின் பிராங்க்ளினும் நம்பினர். குவிதல் உண்மை, ஆனால் அது மட்டும் போதாது. பூமி சுழல்வதால் ஓடும் நீர் வடகோளத்தில் வலப்புறமாகவும் தென்கோளத்தில் இடப்புறமாகவும் ஒதுங்குகிறது. இவ்விளைவு பூமத்தியரேகையில் இல்லாமலிருந்து, துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல மிகுகிறது. இக்கணக்கு ரெனல் காலத்தில் எவர் கையிலும் இல்லை. 1948-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹென்றி ஸ்டாம்மல், கடலை நான்கு சுவர்கள் கொண்ட நீள்சதுரப் பெட்டியாகக் கற்பனை செய்து, அதன்மேல் காற்றை வீசவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார். சுழற்சியின் விளைவு எங்கும் ஒரே அளவாக இருப்பதாகக் கொண்டால் ஓட்டம் இருபுறமும் சீராகச் சுற்றியது. அட்சரேகைக்கேற்ப அது மாறுவதாகக் கொண்டவுடன், நீரெல்லாம் மேற்குச் சுவரோரம் நெருங்கிக் குறுகிய, விரைந்த ஆறாகிவிட்டது. வளைகுடா நீரோட்டமும் அகுல்காஸும் ஏன் கண்டங்களின் கிழக்குக் கரைகளை, அதாவது கடலின் மேற்குச் சுவரை, ஒட்டி ஓடுகின்றன என்பதற்கு அன்று விடை கிடைத்தது. பெட்டியாயினும் அதற்குச் சுவர் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க. சுவரே இல்லாத கடலில் அந்த ஆறு கணக்கிலும் தோன்றாது.

ரெனல் 1830-இல், எண்பத்தேழாம் வயதில் காலமானார். கடலோட்ட நூல் அச்சேறவில்லை. பயணத்தின் இடையில் செயிண்ட் ஹெலினா தீவில் பிறந்த அவருடைய மகள் ஜேன், தந்தையின் கைப்பிரதிகளைத் திரட்டி 1832-இல் வெளியிட்டார். அட்லாண்டிக் கடலும், அதற்கும் இந்து மகாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட ஓட்டங்களுமே நூலின் பொருள். அவர் இளமையில் ஆழம் பார்த்த பாக் நீரிணையும், பதின்மூன்று ஆண்டுகள் முகத்துவாரத்தருகே வாழ்ந்த வங்கக் கடலும் அந்நூலுக்குப் புறத்தே நின்றுவிட்டன.

உண்மையில் கரையின் ஆட்சி மிகுதியாக நடக்கும் கடல் அதுவே. அட்லாண்டிக்கும் பசிபிக்கும் வடக்கே துருவத்தின் அருகுவரை நீள்கின்றன. நம் கடலையோ ஆசியாக் கண்டம் 25-ஆம் அட்சரேகையை ஒட்டியே மூடிவிடுகிறது. கோடையில் நிலம் காய்ந்து காற்றைத் தன்பால் இழுப்பதும், குளிரில் திருப்பி அனுப்புவதும் இந்த மூடியின் செயலே. பருவக்காற்று என்பது நிலம் கடலுக்கு விடுக்கும் ஆணை எனலாம். காற்றோடு ஓட்டங்களும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றன. அந்த மூடியிலிருந்து இந்தியா ஆப்புப்போல் இறங்கிக் கடலை இரண்டாகப் பிரிக்கிறது. ஆப்பின் நுனியருகே இலங்கை நிற்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வழியில் பெருநீர் புகுவதற்கில்லை. பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குமேல் ஆழமில்லாதது. ஆதாம் பாலம் எனப்படும் சேதுவிலோ சில மீட்டர்களே. ஆகவே அரபிக் கடலிலிருந்து வங்கக் கடலுக்குச் செல்லும் நீர் இலங்கையின் தெற்கே சுற்றியே செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அவ்வாறு சுற்றிவரும் ஓட்டம் வடக்கே வளைந்து வங்கக் கடலுக்குள் நுழைய, இலங்கையின் கிழக்கே ஒரு சுழல் உருவாகி அடியிலுள்ள குளிர்நீரை மேலே உயர்த்துகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த வினயசந்திரனும் ஜப்பானிய அறிஞர் யமகாதாவும் 1998-இல் இதை விளக்கி எழுதினர். ‘இலங்கைக் குவிமாடம்’ என அது வழங்கப்பெறுகிறது.

இந்து மகாசமுத்திரத்தை முறையாக ஆராயும் சர்வதேச முயற்சி 1959 முதல் 1965 வரை நடந்தது. பல நாடுகளின் சுமார் நாற்பது கப்பல்கள் அதில் ஈடுபட்டன. அதன் பயனாக 1966 ஜனவரி முதல் நாள் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. கோவாவில் வாழும் நம் நேயர்கள் தோனா பௌலாவில் அதன் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் பின் சேர்ந்த அளவீடுகளில் இரண்டு புதிர்கள் வெளிப்பட்டன.

ஒன்று, நம் கிழக்குக் கரையில். பிப்ரவரி தொடங்கியே ஓட்டம் வடக்கு நோக்கிக் கிளம்பி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மிக வலுக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கோ இன்னும் வாரக்கணக்கு உண்டு. கரையில் அப்பொழுது வீசும் காற்று மெலிந்தது. மற்றொன்று, மேற்குக் கரையில். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை அங்கே காற்று வடக்கிலிருந்து மெல்ல வீசுகிறது. ஓட்டமோ காற்றை எதிர்த்து வடக்கே செல்கிறது. அதுவும் வெறுங்கையோடு செல்லவில்லை. உப்புக் குறைந்த நீரைச் சுமந்து செல்கிறது. அந்த நன்னீர் எங்கிருந்து வந்தது? கங்கையும் பிரம்மபுத்திரையும் கோதாவரியும் மழைக்காலத்தில் வங்கக் கடலில் கொட்டியது. ஆண்டிறுதியில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, மேற்குக் கரைக்கு ஏறியது.

விளக்கம் இதுவே. வங்கக் கடலின் ஏதோ ஓரிடத்தில் காற்று நீரைக் கரைமேல் குவித்தால், நீர்மட்டத்தில் எழும் அச்சிறு உயர்வு அங்கேயே தங்குவதில்லை. பூமியின் சுழற்சி அதைக் கரையோடு அழுத்திப் பிடிக்க, வடகோளத்தில் எப்பொழுதும் நிலத்தை வலக்கைப்புறம் வைத்துக்கொண்டு அது அலையாக ஓடுகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி கெல்வின் பெயரால் இவ்வலை அழைக்கப்படுகிறது. மியான்மர்க் கரையோரம் வடக்கே ஏறி, வங்காளத்தில் மேற்கே திரும்பி, ஒரிசா, ஆந்திரம், தமிழகம் எனக் கிழக்குக் கரையில் இறங்கி, இலங்கையைச் சுற்றி, கேரளத்தில் மறுபடியும் வடக்கே ஏறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். கல்கத்தாப் பக்கம் வீசிய காற்றின் கடிதம் சில வாரங்களில் கோவாவுக்குப் போய்ச் சேர்கிறது. கடற்கரையே தபால் பாதை. வங்கக் கடல் முழுதும் வீசும் காற்றின் மொத்த விளைவு மேற்குச் சுவரில், அதாவது நம் கிழக்குக் கரையில், திரள்வதால்தான் மார்ச்சு மாதத்து ஓட்டம் உள்ளூர்க் காற்றுக்குக் கட்டுப்படாமல் பாய்கிறது. ரெனலின் உந்தோட்டத்தைக் கொண்டு இவற்றில் ஒன்றையும் விளக்க இயலாது. தடையை முட்டித் திரண்டு அதன் ஓரமாக ஓடுவது என்று அவர் சொன்னாரே, அதை நீட்டித்துப் பார்த்தால் இரண்டும் வழிக்கு வருகின்றன.

கரை இயற்கையாக அமைந்ததாயினும், மனிதன் கட்டியதாயினும் நீருக்கு ஒன்றுதான். இதற்கு நம் ஊரிலேயே கசப்பான சான்று இருக்கிறது. இங்கே நாம் பேசுவது பெருங்கடலாற்றைப் பற்றியன்று. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் கரையோரமாக எழும் சிற்றோட்டத்தைப் பற்றி. கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அது மணலை வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் சிறிது தெற்கே நகர்த்துகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. சென்னையில் 1876-இல் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைக் குலைத்தது, மீண்டும் கட்டினர். சுவரின் தென்புறம் மணல் தங்கியது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் ‘மெரினா’ எனப் பெயரிட்டு உலாவிடம் அமைத்த கரை, அதன்பின் ஆண்டுக்காண்டு அகன்றது. நாமெல்லாரும் சுண்டல் தின்று நடந்த மணற்பரப்பில் பெரும்பகுதி அவ்வாறு வந்து தங்கியதே. அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் ராயபுரமும் திருவொற்றியூரும். அங்கே வரவு நின்றது. கடலின் செலவு நிற்கவில்லை. மீனவர் குடியிருப்புகளும் தெருக்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் போயின. இன்று அங்கே கருங்கற்கள் குவித்த சுவரே கரையாக இருக்கிறது. கட்டுமரம் ஏற்ற மணல் இல்லை. துறைமுகம் கட்டியவர்கள் மணல் நகர்வதை அறியாதவர்களல்லர். துறைமுக வாயில் தூர்ந்துபோகுமே என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது. அதற்காகக் கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கே புது வாயில் திறந்தனர். 1911-இல் அவ்வேலை முடிந்தது. வடக்கே குடியிருந்தோரைப் பற்றிய கவலை வெகுகாலம் கழித்தே வந்தது.

ரெனல் இளைஞராக வந்திறங்கிய புதுச்சேரியிலும் இதுவே நிகழ்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் நகரத்துக்கு முன்னாலிருந்த மணற்கரை முழுதும் மறைந்து, அலை கற்குவியலை மோதலாயிற்று. கடற்கரைச் சாலையில் மாலையில் உலாவ வருவோர் கால் நனைக்க இடமில்லாமற் போயிற்று. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018-இல் அங்கே எஃகினாலான பெரிய ஆப்பு ஒன்றைச் செய்து, தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலில் அமிழ்த்தினர். வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் அது தெரியாது. வரும் அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைகிறது; ஓட்டம் சுமந்துவரும் மணல் அதன் மறைவில் இறங்குகிறது. மணலும் கொண்டுவந்து கொட்டினர். அடுத்த ஆண்டுக்குள் சாலையின் ஒரு பகுதிக்கு முன்னால் மணல் மறுபடியும் படிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கருங்கல்லை மட்டுமே கண்டிருந்த ஊர்க்காரர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அதில் இறங்கி நடந்தனர்.